கரண்ட் இல்லாத நேரத்துக் கோடு

எனக்கு வருடத்தை இலக்கமாகச் சொல்ல வராது. மண்ணெண்ணெய்க் கேன்களைக் கயிற்றில் கோத்து வரிசையில் வைத்துவிட்டு, சனம் அதன் பக்கத்திலேயே காவல் கிடந்த வருடம் என்றால் எங்கள் மீன்பிடி ஊரான சல்லியில் எல்லோருக்கும் விளங்கும். கரண்டும் அந்த வருடம் நேரம் வைத்துத்தான் வந்தது. என் மகன் ரவி கடலில் போனது அப்போது. அன்புவழிபுரத்து நவரத்தினம், எங்களுக்கு நவம், போனது இந்தப் பங்குனியில்.

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன். கந்தளாயில் கட்டிக்கொடுத்த மகள் போன் எடுத்தாள். "அப்பா, ரேடியோக்கார நவம் ஐயா மோசம் போயிட்டாராம்." அதன் பிறகு அன்று வலையில் ஒரு கண்ணும் பொத்தவில்லை.

அவருடைய ரேடியோக் கூட்டாளிகள் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். 'காற்றில் வந்த ஒரு குரலையும் தவறவிடாதவர்' என்று முதல் பக்கத்தில் வருமாம். மகள் வாசித்துக் காட்டினாள். அவரை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன், அது பிழை. அவர் ஒரு குரலைத் தவறவிட்டவர். அதைச் சொல்லாத மலரில் இருப்பது நவரத்தினம் அல்ல, வேறு யாரோ. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

பேசுகிற ரேடியோ செட் ஒன்று அவரிடம் முன்பு இருந்தது. சண்டைக் காலத்தில் அதைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தவர், பிறகு பேசும் ஆசையையே விட்டார். கடைசி வருடங்களில் ரேடியோ பிடிக்கிற விரல் நீளத் துண்டு ஒன்றைக் கம்பியூட்டரில் செருகி, கூரையில் நட்ட குழாயிலிருந்து வயர் இழுத்து வைத்திருந்தார். "இதாலை கதைக்க ஏலாது அண்ணை. கேக்க மட்டும்தான். என்ரை வயசுக்கு அது காணும்" என்பார்.

வானத்தில் போகும் செயற்கைக்கோளிலிருந்து அந்தத் துண்டால் மேகப் படம் பிடித்து, கடலுக்குப் போகிறவர்களுக்குக் காட்டுவார். அப்படித்தான் பழக்கம். "எழுத்தே தெரியாதவனுக்கு என்னத்துக்கு உந்தப் படம்?" என்று ஒரு நாள் கேட்டேன். "உங்களுக்கு வானத்தைப் பாத்தால் தெரியும், எனக்கு இதைப் பாத்தால்தான் தெரியும். ஆர் வெல்லுறது எண்டு பாப்பம்" என்றார். இரண்டு முறை நான் வென்றேன். மூன்றாம் முறை அவர் சொன்ன மழையில் என் கருவாடு முழுதும் நனைந்தது. கதிரையில் இருந்தபடி சிரித்தார்.

அந்தத் திரையில் நிறங்கள் மேலிருந்து கீழே மழை மாதிரி வழியும். எங்கேயாவது ஒருவர் பேசினால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். பக்கத்து வீட்டில் போன் சார்ஜர் குத்தினாலும் அதன் இரைச்சலுக்குக் கோடு விழும். "உது அந்தச் சனியன் சார்ஜர்" என்று திட்டிவிட்டு விட்டுவிடுவார். அவர் காது ஒரு கோட்டைக் கேட்டுக்கொண்டிருக்க, கம்பியூட்டர்ப் பெட்டி எல்லாக் கோட்டையும் பதிந்து வைக்கும். பிறகு பின்னுக்குப் போய், அன்று கேட்காததை இன்று கேட்கலாம்.

ரவி விடியப் புறப்பட்டான். ஆள் பாரம் குறைந்தால் எஞ்சினுக்கு இருக்கிற மண்ணெண்ணெய் போதும் என்று தனியே போனான். கையில் கதைக்கிற சின்ன வோக்கி இருந்தது. ஆனால் எண்ணெய் இல்லாமல், அதைக் கேட்க வேறு போட் எதுவும் இறங்காத நாள் அது. பின்னேரமாகியும் அவன் வரவில்லை. குசினிகளில் இருந்த விளக்கு எண்ணெயை எல்லாம் வடித்து ஒரு போட்டை அனுப்பினோம். அது அவன் வழமையாகப் போகும் வடக்கே தேடிவிட்டு வெறுமனே வந்தது. அறிவிக்க வேண்டிய இடங்களுக்கும் அறிவித்தோம்.

மூன்றாம் நாள் என் மனைவி சின்னம்மா, "காத்திலை போறதெல்லாம் பிடிக்கிற மனுசன்தானே. போய்க் கேளுங்கோ" என்றாள். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"நான் கேக்கேல்லை அண்ணை. அண்டைக்குத் துறைமுகத்துக் கப்பல்காரர் கதைக்கிறதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான். ஆனால் பெட்டி கேட்டிருக்கும்" என்றார் நவம். அன்றைய பதிவைத் திறந்து, பகல் ஒரு மணியளவில் விழுந்திருந்த மெல்லிய கோடு ஒன்றின் மேல் திரையின் அம்பைக் கொண்டுபோய் வைத்தார்.

"சல்லிப் பக்கம் ஆரும் கேக்கிறியளோ? எண்ணெய் இருக்கு, எஞ்சின்தான் நிண்டிட்டுது. கயிறு கொண்டாங்கோ. கோயில் மலை தெரியுது. நீர் தெக்கை இழுக்குது."

ரவிதான். கொஞ்ச நேரம் விட்டு அதையே திரும்பச் சொன்னான். மூன்றாம் முறை, "ஒருத்தருமே இல்லையோடாப்பா" என்று சிரிக்கிற மாதிரிக் கேட்டான். கோடு அதோடு முடிந்தது.

நாங்கள் வடக்கே தேடியிருந்தோம்.

நவம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அண்ணை, இந்தக் கோட்டை நான் அண்டைக்குக் கண்டனான். சார்ஜர் எண்டு விட்டிட்டன்" என்றார். பிறகு, "ஒரு மணிக்குக் கரண்ட் இல்லை. நானே பற்றரியிலைதான் போட்டிருந்தனான். கரண்ட் இல்லாமல் சார்ஜர் எப்பிடி இரையும்? பழக்கத்திலை யோசிக்கேல்லை அண்ணை" என்றார்.

அதை அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. திரையில் இருப்பது எனக்கு விளங்காது என்று அவருக்குத் தெரியும். குரலைப் போட்டுக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால், நான் அவரைக் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். சின்னம்மா அங்கேயே இருந்து இன்னொரு முறை கேட்டுவிட்டு வந்தாள்.

தெற்கே தேடினோம். வெருகல் பக்கம் போட் கரை தட்டிக் கிடந்தது. ஆள் இல்லை.

நான் அவரோடு கதைப்பதை விட்டேன். "அந்தாள் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லேல்லையே" என்று சின்னம்மா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எனக்கு ஏலவில்லை. நவம் அதன் பிறகு மேகப் படத்தையும் கப்பல் கதையையும் விட்டுவிட்டு, யாராவது கூப்பிடுவார்களோ என்று, ரவியின் கோடு விழுந்த அந்த ஒரு இடத்தையே பகல் முழுவதும் கேட்டுக்கொண்டு இருந்தார் என்று சனம் சொன்னது. எண்ணெய் தாராளமாக வந்த பிறகு நிலாவெளி ஆட்கள் இருவர் எஞ்சின் பழுதாகிக் கூப்பிட்டதை அவர் கேட்டு, கரைக்குப் போன் எடுத்தார்; ஒரு போட் போய் அவர்களை இழுத்து வந்தது. நன்றி சொல்லப் பழமும் வெற்றிலையும் கொண்டுபோனவர்களை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினாராம்.

சின்னம்மாவின் செத்த வீட்டுக்கு வந்தார். பந்தலின் கடைசிக் கதிரையில் இருந்தார். போகும்போது, "அண்ணை, அந்தப் பதிவை அழிக்கட்டோ?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். அவ்வளவு காலத்துக்குப் பிறகு நான் அவரிடம் சொன்ன ஒரே சொல் அது. உங்கள் மேல் கோபம் இல்லை என்று சொல்ல நாள் இருக்கிறது என்று நினைத்தேன். இருக்கவில்லை.

நவம் போன எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அவருடைய மனைவி அலுமாரியிலிருந்து பதிவு போட்டு வைக்கிற ஒரு சின்னத் துண்டை எடுத்துத் தந்தார். தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, அதற்குள் இருந்தது. "இதிலை ரவியின்ரை குரல் இருக்கு, உங்களுக்கு எண்டு சொன்னவர். என்னையும் கேக்க விடேல்லை" என்றார். அவரிடமிருந்து எனக்கு இருப்பது இதுதான். இதுவும், கேட்கப்படாமலே அவர் ஒப்புக்கொண்ட அந்தப் பிழையும்.

துண்டைப் போட்டுக் கேட்க எனக்குத் தெரியாது. மகளும் கேட்கவில்லை, அவளுக்கு அது வேண்டாம். ஒருத்தருமே இல்லையோ என்று ரவி கேட்டதை மூன்று பேர் கேட்டோம், மூன்றாம் நாள்தான். சின்னம்மா போய்விட்டாள். நவரத்தினமும் போய்விட்டார். மிச்சம் இருப்பது சல்லிக் கந்தசாமி, நான்.