ரெக்ளமான் மாமாவின் நான்காவது விதி

முப்பத்தாறு ஆண்டுகள் அரசாங்கக் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவள் என்ற தகுதியில் ஒன்று சொல்வேன்: எந்த விதிமுறையும் முன்யோசனையில் பிறப்பதில்லை. யாராவது அடி வாங்கிய பிறகுதான் பிறக்கிறது. என் மாமா எழுதிய படகு விதிகளும் அப்படித்தான் பிறந்தன.

காணும் பொங்கலன்று புதுச்சேரியில் பாதிப் பேர் தேங்காய்த்திட்டில் இருப்பார்கள். ஆறு கடலைத் தொடுவதற்கு முன்னால் அங்கே கிளை கிளையாகப் பிரிந்து, சேற்றுத் திட்டுகளையும் அலையாத்திப் புதர்களையும் சுற்றிக்கொண்டு போகும். மீனவர்கள் தங்கள் தோணிகளில் சிலவற்றை அந்த ஒரு நாள் கழுவிப் பாய் விரித்து, ஊர்க்காரர்களை வாடகைக்கு ஏற்றிக்கொள்வார்கள். புளியோதரை, முறுக்கு, கரும்புக் கழி, கைக்குழந்தை, புது மாப்பிள்ளை எல்லாம் ஏறும். திட்டுகளுக்கு நடுவே ஓரிடத்தில் ஆறு சுருங்கிவிடும். இரண்டு தோணிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கியே தீர வேண்டும். அந்த இடத்துக்கு இடுப்பு என்று பெயர். ஒரு பக்கம் ஆழம், மறு பக்கம் சேறு. சேற்றுப் பக்கம் யார் ஒதுங்குவது என்பதில்தான் சண்டை வரும்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது வந்த காணும் பொங்கலில் மூன்று உல்லாசத் தோணிகள் இடுப்பில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. ஒரு வலை கிழிந்தது. ஒரு சம்பந்தி வீட்டார் பட்டுப்புடவைகளோடு முழங்கால் தண்ணீரில் விழுந்தார்கள். பிறகு கரையேறித் துடுப்புகளால் அடித்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் சட்டைப்பையில் பேனா வைத்திருந்த ஒரே ஆள் என் மாமா. நனைந்து நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய் வாக்குமூலம் எழுதிக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. அவர் சுபாவம் அப்படி.

மாமா என் அம்மாவின் தம்பி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் படகுகள் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரக்கூடும். விதிமுறைக்குப் பிரெஞ்சில் ரெக்ளமான் என்று பெயர். பேச்சுக்குப் பேச்சு அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே ஊரில் அவர் 'ரெக்ளமான் முசியே', அதாவது விதிமுறை ஐயா, ஆகிவிட்டார். கொடி மாறியபோது அலுவலகமும் மாறியது. மாமாவுக்குச் சம்பளம் வந்தது, மேசைதான் வரவில்லை. தாழ்வாரத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். வேலை இல்லாத குமாஸ்தாவை என்ன செய்வது என்பதற்கு அரசாங்கத்திடம் எப்போதும் ஒரு விடை உண்டு. எங்கள் ஊர் அரசாங்கத்தின் விடைக்கு ஏனாம் என்று பெயர். இரண்டு ரயில் மாறிப் போக வேண்டும். போனால் தெலுங்கு பேச வேண்டும். அம்மா அந்தப் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்க விட மாட்டாள்.

இந்த நிலைமையில்தான் மாமா ஒரு வருடம் உட்கார்ந்து, பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் என மூன்று மொழிகளில் பன்னிரண்டு விதிகள் எழுதினார். உல்லாசப் படகில் நின்றுகொண்டு இடம் மாறக் கூடாது. கட்டியிருக்கும் வலையைப் பின்புறமாகச் சுற்றிப் போக வேண்டும். கரையில் குளிப்பவர்கள் பக்கம் துடுப்பால் தண்ணீர் அடிக்கக் கூடாது. இலையை ஆற்றில் போடக் கூடாது. நான்காவது விதி அவருக்கு மிகவும் பிடித்தது: 'வேலைப் படகு எதிரே வந்தால் உல்லாசப் படகு நீண்ட விசில் ஒன்று கொடுத்து, ஒதுங்கி நிற்க வேண்டும்.' தமிழ்ப் பிரதியை என் கையெழுத்தில்தான் எழுதினோம். என் கையெழுத்து அவருடையதைவிட நன்றாக இருக்கும். இன்றும் அப்படித்தான்.

சென்னையிலிருந்து வந்திருந்த புது அதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு, காணும் பொங்கலன்று நேரிலேயே வந்து பார்ப்பதாகச் சொன்னார். மனைவியையும் அழைத்து வருவார். அந்தப் பயணம் கோப்பில் 'கள ஆய்வு' என்று பதிவாகும், முறுக்கு பதிவாகாது. எனக்கு அந்த நடைமுறை நன்றாகத் தெரியும், நானே பல முறை செய்திருக்கிறேன். விதிகள் பிடித்துப்போனால் படகுத்துறைக்கு ஒரு கண்காணிப்பாளர் வேண்டும், அது மாமாதான் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். பிடிக்காவிட்டால் ஏனாம்.

"எல்லாம் ஒரு நாள் கூத்துதானேடா தம்பி. அந்த ஆளு மனசு கோணாம பார்த்துக்க, போதும்" என்றாள் அம்மா.

"மனசு கோணறதுக்கு ரெக்ளமான்ல எடமே இல்லக்கா" என்றார் மாமா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முன்னால் உட்கார்ந்து விசில் ஊதும் பதவி எனக்குக் கொடுக்கப்பட்டது. பித்தளை விசில், சிவப்பு நாடா. நியமன உத்தரவு வாய்மொழியாக.

தோணியில் ஐந்து பேர். முன்னால் நான். நடுவில் பாய்மேல் அதிகாரியும் அவர் மனைவியும். பின்னால் கையில் துடுப்போடு மாமா. நின்றபடி கழி ஊன்றித் தள்ளுகிற தோணிக்காரர், தாடி வைத்த வயதான மீனவர். ஒன்பது மணி இருக்கும். கடல் உள்வாங்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர் எங்களுக்கு எதிரே கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மேலே போய்க்கொண்டிருந்தோம். முதல் அரை மணி நேரம் எல்லாம் கனவு மாதிரி நடந்தது. உல்லாசத் தோணிகள் ஒன்றுக்கொன்று வழி விட்டன. யாரும் எழுந்து நிற்கவில்லை. ஒரு தோணியில் மாப்பிள்ளை ஒருவர் கரும்புச் சக்கையை ஆற்றில் எறியப் போய், மாமாவைப் பார்த்ததும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முந்தின நாள் மாமா வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்ததன் பலன் அது.

"இன்னா முசியே, இன்னிக்கி ஆறு இஸ்கூல் மாரி இருக்குது!" என்றார் தோணிக்காரர்.

அதிகாரி சிரித்தார். அவர் மனைவி எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து, "உன் விசிலை ஊது, கேட்கலாம்" என்றார்.

"வேலைப் படகு வந்தாத்தான் ஊதணும்" என்றேன். அந்த அம்மாள் அதற்கும் சிரித்தார்.

இடுப்பு நெருங்கியது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "கொஞ்சம் சீக்கிரம் போனா வெயிலுக்கு முன்னாடி திரும்பிடலாம். இனிமே எங்கேயும் நிற்க வேண்டாமே" என்று மாமாவிடம் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. வெயில் ஒத்துக்கொள்ளாதவர்.

வளைவுக்கு அப்பால், புதர் இடைவெளியில், வேலைப் படகை முதலில் பார்த்தது நான்தான். இரவெல்லாம் மேலே வலை கட்டி இறாலும் மீனும் பிடித்துக்கொண்டு வருகிற தோணி. விளிம்புவரை கூடை, கூடைகளுக்கு நடுவே பெண்கள். அன்றைக்கு ஊரெல்லாம் கவிச்சி சமைக்கும் நாள். சரக்கு பத்து மணிக்குள் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ச் சேராவிட்டால் கருவாடுதான். அது எனக்குத் தெரியும். விசில் என் உதடுகளுக்கு நடுவில் இருந்தது.

நான் ஊதவில்லை.

ஊதினால் நிற்க வேண்டும். நின்றால் அதிகாரி மனசு கோணும். கோணினால் ஏனாம். வாழ்க்கையில் நான் போட்ட முதல் அலுவலகக் கணக்கு அது. ஒன்பது வயதுக்குச் சரியாகவே போட்டேன். அவர்கள் நம்மைப் பார்த்து நின்றுகொள்ளட்டும் என்று விசிலைக் கடித்துக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்தேன்.

எங்கள் தோணி இடுப்புக்குள் நுழைந்த பிறகு எதிர்ப்படகிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வெடித்தது.

"யோவ் ரெக்ளமான்! கண்ணு அவிஞ்சா பூட்ச்சி? ஒதுங்குய்யா! நிக்காதுய்யா இது!"

தோணிக்காரர் கழியை ஊன்றிக்கொண்டு மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"அவங்களை நிற்கச் சொல்லுங்க. நாமதான் முதல்ல நுழைஞ்சோம்" என்றார் அதிகாரி.

"அவங்களால நிக்க முடியாது சார். தண்ணி தள்ளுது, பாரம் வேற. நம்மால முடியும்."

"சொல்லித்தான் பாருங்களேன்."

மாமா சொல்லிப் பார்க்கவில்லை. துடுப்பை இரண்டு கையாலும் திருப்பினார். தோணிக்காரரும் கழியால் ஓங்கித் தள்ளினார். எங்கள் தோணி சேற்றுப் பக்கம் ஏறி, பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தோடு நின்றது. மீன்படகு ஒரு சாண் இடைவெளியில் கடந்தது. கத்திய பெண் எங்கள் தோணியின் விளிம்பில் கை வைத்துத் தன் படகைத் தள்ளிக்கொண்டாள். அவள் கையெல்லாம் செதில். "நல்லா இருய்யா" என்று, திட்டிய அதே குரலில் சொல்லிவிட்டுப் போனாள். அதன் பின்னால் இன்னும் மூன்று படகுகள் வரிசையாக வந்தன. நான்கும் போய் முடிவதற்குள் எங்கள் தோணியைச் சுற்றித் தண்ணீர் இறங்கிவிட்டது. தோணிக்காரர் கழியை ஊன்றினார். கழி மட்டும் சேற்றுக்குள் போனது, தோணி அசையவில்லை.

"சாயங்காலம் தண்ணி ஏறும் சார்" என்றார் அவர், ஆறுதலாக.

ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். அதிகாரியின் மனைவி முறுக்கை எல்லோருக்கும் பங்கிட்டார். நண்டுகள் வளையிலிருந்து வெளியே வருவதை எண்ணினார். கிளம்பியதிலிருந்து அப்போதுதான் சந்தோஷமாக இருந்தார் என்று நினைக்கிறேன். அதிகாரி மாமாவிடம் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று இரண்டு முறை சொன்னார். ஓர் அதிகாரி அப்படி இரண்டு முறை சொன்னால் என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும். கடைசியில் மீன் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு சின்னத் தோணி எங்களைப் பார்த்து நின்றது. அதில் ஏற நாலு எட்டு சேற்றில் நடக்க வேண்டியிருந்தது. மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். அதிகாரியின் இடது கால் ஷூ சேற்றுக்குள் போனது. தோள்வரை கைவிட்டுத் தேடியும் மாமாவால் அதை எடுக்க முடியவில்லை.

ஷூவைப் பற்றிக் கோப்பில் ஒரு வரி கிடையாது. 'பரிசீலிக்கப்பட்டது. தற்சமயம் அவசியமில்லை' என்று மட்டும் எழுதிக் கோப்பு திரும்பியது. மாசி மாதம் மாற்றல் உத்தரவு வந்தது.

அம்மா இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. நான் மாமாவோடு பேசுவதை நிறுத்தினேன். ஊதாமல் இருந்து நான் காப்பாற்றிக் கொடுத்ததை அவர் சேற்றில் கொண்டுபோய்ச் செருகிவிட்டார் என்பது என் கட்சி. ஒரு மீன்படகுக்காக! அந்தப் பெண் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

ரயிலடிக்கு எல்லோரும் போனோம். தகரப்பெட்டி ஒன்று, படுக்கைச் சுருள் ஒன்று. மேலே அந்தப் பன்னிரண்டு விதிகள், நூல் கட்டி. ரயில் கிளம்ப நேரம் இருந்தது. மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விசில் என் கழுத்தில்தான் தொங்கியது. கோபத்திலும் பதவியை நான் விடவில்லை.

"அன்னிக்கி விசில் என்னாச்சு பாப்பா?"

"எச்சி அடைச்சிக்கிச்சு மாமா. ஊதிப் பார்த்தேன், வரல" என்றேன். பதில் ஒரு மாதமாகத் தயாராக இருந்தது.

அவர் நாடாவைக் கழற்றாமலே குனிந்து விசிலை எடுத்தார். என் முகத்துக்கு எதிரே அவர் முகம். ஒரு முறை ஊதினார். நடைமேடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பச்சைக்கொடி பிடித்தவர் பதறிப்போய் எங்கள் பக்கம் ஓடி வந்தார்.

மாமா விசிலைக் கைக்குட்டையால் துடைத்து என் நெஞ்சின்மேல் விட்டார்.

"ஆமா, அடைச்சிக்கினுதான் இருக்குது" என்றார்.

அடுத்த காணும் பொங்கலுக்கு அப்பாவோடு தோணி ஏறினேன். இடுப்பில் எங்களுக்கு முன்னால் ஐந்தாறு உல்லாசத் தோணிகள், யாரும் சொல்லாமல், வரிசையாகச் சேற்றுப் பக்கம் ஒதுங்கி நின்றிருந்தன. மீன்படகுகள் இறங்கிப் போயின. எந்தக் கோப்பும் ஏற்காத அந்த விதி இங்கே நடப்பதை ஏனாமில் இருந்த மாமாவுக்கு எழுதிப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் பிறகு அரசாங்க வேலைக்குப் போனேன். நிற்க முடிந்த எத்தனையோ இடங்களில், எதிரே வருகிறவரால் நிற்க முடியாது என்று தெரிந்தும், விசிலைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்திருக்கிறேன். பதவி உயர்வும் தவறாமல் வந்தது.

ரயிலடியிலிருந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. பாவம், மாமாவுக்கு அதற்குள் காது மந்தமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவ்வளவு பெரிய சத்தம், அவருக்குக் கேட்கவே இல்லையே என்று.