தவமலர் எழுதாமல் விட்ட கதை

சூரிச்சில் ஒரு பல்கலைக்கழகத்தின் சீன நூலகத்தைத் துப்புரவாக்குவது தவமலரின் வேலை. 1996இல் ஒருநாள், நூலகர் லின் அம்மையார் நீல அட்டைத் தொகுதிகளைக் காட்டி விளக்கினார். சீனாவில் ஒவ்வொரு மாவட்டமும் தன் வெள்ளம், வறட்சி, விளைச்சல், பாலம், கோயில் எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாகத் திரட்டி எழுதிவைக்குமாம். முந்நூறு ஆண்டுக்கு முன் எந்தக் கோடையில் மழை பொய்த்தது என்பதைக்கூட ஆய்வாளர்கள் அவற்றில் தேடிப் பிடிப்பார்களாம். உயிரோடு இருப்பவரின் வாழ்க்கைக் கதையை மட்டும் அதில் சேர்க்கமாட்டார்களாம்.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே தவமலர் ஒரு கொப்பி வாங்கினாள். போருக்குத் தப்பி வந்து ஊஸ்டர், பேர்ண், ஃப்ரிபூர்க் என்று சிதறியிருந்த தன் ஊர்க்காரரைத் தொலைபேசியில் பிடித்து, எந்தக் கிணறு எந்த ஆண்டு உப்பானது, பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தது யார் என்று துருவினாள். மூன்று பேர் ஒன்றுபோலச் சொன்னால்தான் எழுதினாள். புளுகியவர்களை அவள் விடவில்லை.

"உங்கட மாமாவின்ர கார் ஊர்ச் சரித்திரமில்லை, அண்ணை!"

இரண்டு வருடத்தில் கொப்பி நிறைந்தது. அதை வாசித்து முடித்த அதே ஊர் இராசம்மா அக்கா மலைத்துப்போனார். ஒரு குறைதான் சொன்னார்.

"வாசிகசாலையைக் கட்டினவன் உன்ர தம்பி. அவன்ர கதையைக் காணேல்லையே?"

தம்பியைத் தொண்ணூறில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

தவமலர் கொப்பியை வாங்கி மூடினாள்.

"உயிரோட இருக்கிற ஆக்களின்ர கதையை இதில எழுதுறேல்லை, அக்கா."