ஸ்டெல்லா அக்காவின் தலையணை

ஸ்டெல்லா அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று காக்ஸ் டவுனில் இருக்கும் அவர் வீட்டிலிருந்து போன் வந்தபோது, எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் உதடு கிழிந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா இருந்திருந்தால், "அப்புறமா அழலாம், மொதல்ல அவளப் பாரு" என்றுதான் சொல்லியிருப்பார்.

அவரை அறிந்த எல்லோருக்கும் அந்தத் தலையணையைத் தெரியும். வீட்டில் அடிபட்டு வரும் பெண்களுக்கு ஆங்கிலத்தில் புகார் எழுதித் தருவது எங்கள் இருவரின் வேலை. அக்கா எடுத்தவுடன் கேள்வி கேட்கமாட்டார். மேஜைமேல் தலையணையைப் போட்டு, "அவன் செஞ்சத இதுக்குச் செய்மா" என்பார். பார்த்த பிறகுதான் அதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதுவார். உள்ளங்கை என்றால் 'ஸ்லாப்'. முஷ்டி என்றால் 'பஞ்ச்'. ஓயாமல் விழுந்தால் 'பீட்'. "எல்லாத்துக்கும் 'ஹிட்'டுன்னு எழுதுறதுக்கு நாம எதுக்கு?" என்று எரிந்து விழுவார்.

மர்பி டவுன் கலா வந்த நாள் எனக்கு மறக்காது. வெளியே யாரோ எழுதிக் கொடுத்த புகாரில், புருஷன் கழுத்தைப் பிடித்ததற்கு 'சோக்' என்று இருந்தது. கலா தலையணையை இரண்டு கையாலும் நெரித்தாள். விடவேயில்லை. தையல் பிரிந்து பஞ்சு வெளியே வந்தது.

"சோறு தொண்டைல சிக்கினாலும் 'சோக்'தான். இது 'ஸ்ட்ராங்கிள்'. கொல்லப் பாத்திருக்கான்," என்றார் அக்கா.

அடுத்த வாரம் அந்தப் புருஷன் இரும்புக் கம்பியோடு வந்தான். கலா உள்ளறையில் இருந்தாள். கதவை மறித்து நின்ற அக்காவின் நெற்றியில் கம்பி இறங்கியது. விழுந்தவரை வயிற்றில் உதைத்தான். நான் நாற்காலியைத் தூக்கி அவன் முதுகில் போட்டேன். தெருவே திரண்டு வந்து அவனைப் பிடித்தது.

ஸ்டேஷனில் அதைக் 'கலாட்டா' என்று முடிக்கப் பார்த்தார்கள். ரத்தம் ஊறிய துண்டை நெற்றியில் அழுத்தியபடியே, "கலாட்டே அல்ல சார், ஹல்லே" என்றார் அக்கா கன்னடத்தில். சண்டையில்லை, தாக்குதல். எழுதி முடிக்கும்வரை அவர் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டார். அந்தப் பாவி இப்போது ஜெயிலில். கலா உயிரோடு இருக்கிறாள்.

எனக்கென்று மிஞ்சியது அந்தத் தலையணைதான். கலா பிரித்த தையலை நாங்கள் தைக்கவே இல்லை. காக்ஸ் டவுன் போனை வைத்துவிட்டு, தலையணையை எடுத்து மேஜைமேல் போட்டேன்.

"அவன் செஞ்சத இதுக்குச் செய்மா."

உதடு கிழிந்திருந்த அந்தப் பெண் தயங்கினாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள். அடித்தாள், அடித்தாள், நிறுத்தவேயில்லை. நான் 'பீட்' என்று எழுதினேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.