ஊருக்கெல்லாம் அண்ணா

செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே தோசை வண்டி போட்டிருக்கும் ஸ்டெர்லின் என் தாய்மாமன். வயது முப்பத்தொன்று. ஆனால் பல் போன மராட்டிக் கிழவர்கூட அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். பம்பாயில் தோசை சுடுகிற எவனுக்கும் அதுதான் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஆதார் கார்டில் சும்மா கிடக்கிறது.

மாமா பிறந்தது தாராவியில். தாத்தாவின் தோல் பட்டறையில் பசை வாடை பொறுக்காமல் மாட்டுங்கா ஓட்டல் ஒன்றுக்கு ஓடிப்போய், மாவரைத்து, கல்லுக்கு முன்னால் நின்று வெந்து, கடைசியில் சொந்த வண்டி வாங்கினார். அதில் 'அசல் மெட்ராஸ் தோசை' என்று எழுதியிருக்கும். மாமா மெட்ராஸைக் கண்டதில்லை. தெற்கே எங்கள் பூர்வீக ஊருக்குப் போகிற ரயில்கூட அந்தப் பக்கமே போகாது. சீஸும் செஷ்வான் சட்னியும் அப்பிய அந்தத் தோசையை மெட்ராஸ்காரன் பார்த்தால் போலீசுக்குப் போவான். ஆனாலும் கூட்டம் நிற்கும்; சட்னி ஊற்றுவது நான். காரம் தாங்காமல் யார் கண்ணிலாவது தண்ணீர் வந்தால் மாமா ஒரு கரண்டி சீனியை நீட்டி, "முழுங்காதீங்க, நாக்குல வைங்க" என்பார். தமிழிலேயே சொல்வார். ஜப்பான்காரனும் நாக்கை நீட்டுவான்.

வெளிநாட்டு ஆட்களைக் கூட்டி வருவது ரீனா. சீத்தா கேம்ப்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, டூரிஸ்ட் கைடு. சனிக்கிழமை சாயங்காலமானால் அவர்களைத் தாராவியில் தோல் பை வாங்க வைத்து, மாட்டுங்கா பூக்கடைகளில் மல்லிகை வாங்க வைத்து, குர்லாவில் ரயில் மாற்றி, அரை உயிரோடு எங்கள் வண்டிக்கு முன்னால் நிறுத்துவாள். அன்றைக்கு மாமா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் நிற்பார். ரீனா இங்கிலீஷில் ஆரம்பிப்பாள்: "இவர்தான் எங்கள் அண்ணா. அண்ணா என்றால் தமிழில் மூத்த சகோதரன்."

வாராவாரம், அதுவும் விளக்கத்தோடு. மாமாவின் முகம் புளித்த மாவு மாதிரி பொங்கி அடங்கும்.

"ரீனா வீட்டுல மான்குர்த்துல மாப்பிள்ளை ஒண்ணு பாக்காவளாம். சீக்கிரம் சொல்லிப்போடும் மாமா" என்றேன்.

"அண்ணான்னு கூப்பிடுத பிள்ளகிட்ட என்னத்தலே சொல்ல? வாய் வருமா? பாவம்லா அது."

"ஊரே அப்படித்தான கூப்பிடுது. மாமூல் வாங்க வார போலீஸ் ஹவில்தாரும் அண்ணாங்கான்."

"ஹவில்தாரையா நான் கெட்டப் போறேன்? போல அங்கிட்டு!"

அதனால் காரியத்தை நானே எடுத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை வந்தவர்கள் ஆறு பேர். ரீனா எதிர்க்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன என் இங்கிலீஷைத் தட்டி எழுப்பி, அந்த ஆறு பேரிடமும் சொன்னேன்: "அண்ணா ஓல்டு நேம். நியூ நேம், அத்தான்." வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்திக்கு 'த்தா' வரவில்லை. ஆறு முறை சொல்லவைத்தேன். மாமா மும்முரமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

ரீனா பாட்டில்களோடு திரும்பி வந்தாள். மாமா கல்லில் மாவை ஊற்றிச் சுழற்றினார். சரியாக அப்போது ஆறு பேரும் கோஷ்டியாக, "அத்தான்! ஒன் சீஸ் தோசா!" என்றார்கள்.

மாமாவின் கை அப்படியே நின்றது. ரீனா என்னைப் பார்த்தாள். நான் சட்னி வாளிக்குள் பார்த்தேன்.

"அரே, யாருல இவங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்று மாமா குழறினார். "இந்தப் பய வேலை. இவன நாளைக்கே பட்டறையில பூட்டுதேன். நீ தப்பா எடுத்துக்காத."

பாட்டி விடவில்லை. மல்லிகைச் சரத்தைக் காதில் தொங்கவிட்டபடி, "அத்தான் என்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொல்வதற்குத்தானே ரீனாவுக்குச் சம்பளம்?

ரீனா பாட்டில் மூடியைத் திருகினாள், மூடினாள், மறுபடி திருகினாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். இவள் கோபத்தில் வேறு வண்டிக்குப் போய்விட்டால் மாமாவுக்கு இனி சனிக்கிழமையே கிடையாது.

"ஒரு பெண், தான் கட்டிக்கப்போகிறவரைக் கூப்பிடுகிற பெயர்" என்றாள் இங்கிலீஷில், நிதானமாக. "அதை நீங்கள் கூப்பிடக் கூடாது. நீங்கள் எல்லோரும் அண்ணா என்றே சொல்லுங்கள்."

பாட்டிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "நாங்கள் எல்லோரும்" என்று திருப்பிச் சொல்லிச் சிரித்தாள். மாமாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவு போதாது. திட்டத்தான் போகிறாள் என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மான்குர்த்காரங்க வேண்டாம்னு நான் வீட்டுல சொல்லிட்டேன்" என்றாள் ரீனா தமிழில், வண்டிச் சக்கரத்தைப் பார்த்தபடி. பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, கல்லப் பாருங்க. கருகுது."

மாமா கல்லைப் பார்க்கவே இல்லை. கேஸை நான்தான் அணைத்தேன்.