ஓடாத விசிறிக்கு நான் எழுதிய சான்று

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஒரு கருவியை நான் நல்லது என்று சொன்னால் கொடைக்கானலில் அதற்கு மறுபேச்சில்லை. அந்த மதிப்பைக் கவனமாகக் காத்து வந்திருக்கிறேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை.

பழனி மலைத்தொடரின் முப்பரிமாண வரைபடம் ஒன்றைக் கணினியில் உருவாக்கிக்கொண்டிருந்தேன். அதற்கென வாங்கிய கிராபிக்ஸ் கார்டுக்கு, மின்சாரம் தரும் பழைய பவர் சப்ளை ஈடுகொடுக்கவில்லை, அதன் விசிறி கிரைண்டரைப்போல் இரைந்தது. பேருந்து நிலையத்தருகே கணினிக் கடை வைத்திருக்கும் பெண்மணி, புதிதாக வந்த ஆயிரம் வாட் பவர் சப்ளை ஒன்றை என் கையில் கொடுத்தார். அதே வகையில் இன்னும் நான்கு பிரிக்காமல் இருந்தன.

"ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க சார். சத்தமே வராதுங்கிறாங்க. நல்லாருக்குன்னு நீங்க ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டா, அதைக் காட்டியே மத்ததையும் வித்துருவேன். சரியில்லைன்னா அஞ்சையும் திருப்பி அனுப்பிருவேன்."

அன்றே பொருத்தினேன். அறையில் அப்படி ஓர் அமைதி! சன்னலுக்கு வெளியே மூடுபனி சொட்டுவதுகூடக் கேட்டது. வரைபடத்தின் மிகக் கடினமான பகுதியைக் கணக்கிடப் பணித்தேன். சுவரில் செருகிய மின்னளவி முந்நூற்றைம்பது வாட்டைக் காட்டியது. பன்னிரண்டு வோல்ட் கம்பியில் மல்ட்டிமீட்டரை வைத்தால் அளவு இம்மியும் அசையவில்லை. உள்ளம் துள்ளியது.

பிறகு பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பவர் சப்ளையின் விசிறி சுழலவே இல்லை. ஐந்து நாள்கள் பார்த்தேன், ஒருமுறைகூடச் சுழலவில்லை. உடன் வந்த கையேட்டை நான் பிரிக்கவில்லை. இயற்பியல் படித்தவனுக்குக் கையேடு எதற்கு?

"விசிறி பழுது. விற்பனைக்கு ஏற்றதன்று" என்று எழுதி, பட்டத்தோடு கையொப்பமிட்டு, ஆறாம் நாள் காலை கடைக்காரப் பெண்மணியிடம் கொடுத்தேன். நான்கு பெட்டிகளையும் நண்பகல் பேருந்தில் பார்சலாக அனுப்பிவிடுவதாகவும், என்னுடையதைப் பிறகு வாங்கிக்கொள்வதாகவும் அவர் சொன்னார்.

வீடு திரும்பியபோது கணினி வேலை செய்துகொண்டிருந்தது. 'உஸ்' என்று மெல்லிய ஓசை கேட்டது. குனிந்தேன். விசிறி சுழன்றது! பின்புறம் பார்த்தால், காற்று வெளியேறும் துவாரத்தின்மேல் என் குரங்குக் குல்லாய் ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை யார் இங்கே போட்டது?"

"நான்தான்," என்றாள் மனைவி. "இந்த அடைமழையில எது காயுது? அங்கதான் இளஞ்சூடா கெடக்கு. நீங்க டார்ச் அடிச்சு உத்து உத்துப் பாக்குறதுக்கு, இது உருப்படியான சோலிதாங்க."

குல்லாயை எடுத்தேன், சற்று நேரத்தில் விசிறி நின்றது. மீண்டும் மூடினேன், சுழன்றது. மூன்றுமுறை செய்து பார்த்தேன். முதன்முதலாக ஆய்வகத்துக்குள் நுழைந்த மாணவனைப்போல் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பிறகு கையேட்டைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே இருந்தது: உள்ளே சூடேறினால் மட்டுமே விசிறி சுழலும். எங்கள் ஊர்க் குளிரில் அது சூடேறினால் அல்லவா!

உடனே என் கையொப்பம் நினைவுக்கு வந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் பழுதில்லாத நான்கு பெட்டிகள் பழுதென்று என் பெயரால் மலையிறங்கும். மணி பதினொன்றரை. குல்லாயைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, என் வயதுக்குத் தகாத வேகத்தில் நடந்தேன்.

பெட்டிகள் கட்டப்பட்டுக் கடை வாசலில் இருந்தன. பார்சலை ஏற்ற வந்த நடத்துநரும் நின்றிருந்தார். நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"அப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒரு குல்லாய் சேத்துக் குடுக்கணுமுங்களா சார்?" என்றார் கடைக்காரப் பெண்மணி.

"வெரசா சொல்லுங்க, ஏத்தவா வேணாமா? வண்டிக்கும் குளுருது, அதுக்கும் ஒரு குல்லாய் பாருங்க," என்றார் நடத்துநர். இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வேறொரு தாள் கேட்டு வாங்கி எழுதினேன்: "கருவி மிக நன்று. குளிரில் விசிறி ஓடாதது பழுதன்று. இதற்குமுன் நான் எழுதியது தவறு." பட்டத்தோடு கையொப்பமிட்டேன்.

கடைக்காரப் பெண்மணி படித்துவிட்டுத் தயங்கினார். "கடைசி வரி வேணாமே சார். நாலு பேரு பாப்பாங்க."

"இருக்கட்டும் அம்மா. பார்க்கட்டும்."

அவர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். வெளியே தூறியது. பையிலிருந்த குல்லாயை எடுத்து அணிந்துகொண்டேன். ஒரு பக்கம் நன்றாகவே காய்ந்திருந்தது.