சீனுவின் பங்கு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கெலமங்கலம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தேன். எடை குறைந்த பிள்ளைகளைத் தேற்றத்தான் எங்களுக்கு டிரெயினிங். எடை கூடிய பிள்ளைக்கு என்ன சொல்வதென்று யாரும் சொல்லித் தரவில்லை. மஞ்சுளா வந்தபோது முழித்தேன்.

ஏழு வயது. வாசல் படி ஏறுவதற்குள் மூச்சு இரைத்தது. அப்பாவுக்கு ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் வேலை. "சாப்பாட்டைப் பாதியாக்கும்மா. இப்படியே விட்டா புள்ள தாங்காது," என்று அம்மா ராதாவிடம் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

அடுத்த மாதம் எடை இன்னும் ஏறியிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் சொல்லாத ராதா. கொறச்சியா இல்லியா?"

"சத்தியமா கொறச்சிட்டங்க சிஸ்டர்."

அவள் முகத்தில் பொய் இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது.

ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்குப் போனேன். மகளுக்குக் களி ஊட்டிக்கொண்டிருந்தாள். சின்ன உருண்டை ஒன்று: "இது உனக்கு." பெரிய உருண்டை ஒன்று: "இது அண்ணனுக்கு." இரண்டையும் மஞ்சுளாவே விழுங்கினாள். வீட்டில் வேறு பிள்ளை இல்லை.

"எந்த அண்ணன்?"

"சீனுங்க. இவ பொறக்கறதுக்கு முன்னயே போயிட்டான். வயித்தால போவுதுன்னு கஞ்சித்தண்ணிகூடக் குடுக்காம பட்டினி போட்டு வெச்சோம். பசிக்குது பசிக்குதுன்னே கண்ண மூடினான். நீங்க சொன்ன மாதிரி இவ பங்கைப் பாதியாக்கிட்டங்க. அவன் பங்கை எப்படிங்க கொறைக்கறது?"

"வயிறு நெறையலையா பாப்பா?" என்று மஞ்சுளாவைக் கேட்டேன்.

"எனக்கு ரொம்பிடுச்சு." பிறகு மூலையில் இருந்த ராகி மூட்டைப் பக்கம் திரும்பி, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல் தலையாட்டினாள். "அவனுக்கு இன்னும் பசிக்குதாம்."

அங்கே யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் ராதா அப்புறம் என் பேச்சைக் கேட்டே இருக்க மாட்டாள். ஒரு தட்டு வாங்கி, மீதியிருந்த களியை வைத்து, மூட்டைப் பக்கம் நகர்த்தினேன்.

"சீனு, தங்கச்சிக்கு மூச்சு வாங்குதுப்பா. இனிமே உன்னுத நீயே சாப்பிடு."

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. ராதா அழுதாள்.

மஞ்சுளாவின் எடை முதலில் நின்றது, பிறகு மெதுவாக இறங்கியது. சீனுவின் தட்டு தினமும் காலியாகிறது என்றாள் ராதா. எப்படி என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து எடை பார்க்க வந்த மஞ்சுளா படிகளில் ஓடியே ஏறினாள்.

"அண்ணன் இப்பல்லாம் பேசறதில்ல சிஸ்டர். சாப்ட்டுட்டுத் தூங்கறான்."

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். அளவு சொல்வதற்கு முன்னால், அந்த வீட்டிலிருந்து யார் பசியோடு போனார்கள் என்று கேளுங்கள்.