படுவான்கரையின் விடியலை வரைந்தவர்

சென்ற திங்கட்கிழமை காலை மண்முனைத் துறையில் நின்றபோது, தோணிக்காரக் கந்தையா அக்கரையிலிருந்து வந்து இறங்கிய கையோடு சொன்னார்: "ரீச்சர், பெயின்டர் சந்தியாப்பிள்ளை மோசம் போயிற்றார் கா. முந்தாநாள் தாழங்குடாவில அடக்கமாம்." காய்ச்சலென்று நாலு நாள் படுத்தாராம், அவ்வளவுதான். எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. நாலு நாளில் ஒருவராவது இந்தக் கரைக்குச் சொல்லி அனுப்பக்கூடாதா என்று திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன். ஒரு வருடமாக நான்தான் அவரை எட்டிப் பார்க்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இதைப் படிப்பவர்களில் பலர் அவரை அறிவீர்கள். கடைப் பலகைகளுக்கும் மாட்டுக் கரத்தைகளுக்கும் கோயில் சுரூபங்களுக்கும் சாயம் பூசிய மனிதராக அறிவீர்கள். எனக்காக அவர் ஒரு படுக்கையறைச் சுவரில் மட்டக்களப்பு வாவியை இரண்டு முறை வரைந்தது உங்களில் அநேகருக்குத் தெரியாது.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடம் அது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் கணவருக்கு மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில், கந்தோரில் எழுத்து வேலை என்பதால் நான் எங்கள் ஊர் மகிழடித்தீவை விட்டு அவரோடு ஒரு வாடகை வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தேன். மூன்றாவது தங்கியபோது, பிள்ளை பிறக்கும்வரை கட்டிலை விட்டு இறங்கக்கூடாது, தோணியிலோ கரத்தையிலோ ஏறவே கூடாது என்று டாக்குத்தர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாவிடம் போய்ப் பெறவேண்டும் என்ற ஆசை அதோடு போயிற்று. வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கிடந்தேன். இப்படிக் கிடந்தால் இதுவும் தங்காது என்று டாக்குத்தர் என் கணவரைத் தனியே அழைத்துச் சொன்னாராம். "ஊருக்குப் போக ஏலாட்டி ஊரை இஞ்ச கொண்டு வருவம்" என்று என் கணவர் போய்ச் சந்தியாப்பிள்ளை அண்ணனைக் கூட்டி வந்தார்.

அண்ணன் தனியாக வரவில்லை. பெண் படுத்திருக்கும் அறைக்குள் வேலை என்பதால் தன் அக்காவையும் அழைத்து வந்தார். அக்கா செபமாலையோடு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். எண்ணெய்ச் சாயத்தின் மணம் பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது என்று, அண்ணன் சுண்ணாம்பிலும் காவியிலும் நீலத்திலும் விளாம்பிசினைக் கரைத்துக் கொண்டு வந்திருந்தார். வந்தவர் தூரிகையைத் தொடாமல் என் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளிப் பாயை விரித்து நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார்.

"என்னடா, வேலைக்கு வந்தியா, நித்திரைக்கு வந்தியா?" என்றார் அக்கா.

"படுத்துக் கிடக்கிற ஆளுக்குத்தானே இந்தப் படம். நிண்டு பாக்கிறவன் வெளிய போய் வாவியைப் பாக்கட்டும்" என்றார் அவர். படுத்திருப்பவரின் கண்மட்டத்தில்தான் தண்ணீர்க் கோட்டைப் போட்டார். பிறகு வந்தவர்கள் எல்லாரும் நின்றபடியே பார்த்து, தண்ணீர் பள்ளத்தில் கிடக்கிறது என்று குறை சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேலை செய்யும்போது என் பக்கம் திரும்பவே மாட்டார். அவருடைய முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கோ மூக்கின்மேல் கோபம். வானத்துக்கு நீலம் பூசிய அன்று, இது என்ன, சீலைக்கு நீலம் போட்ட வாளியைக் கவிழ்த்ததுபோல் இருக்கிறதே என்று கத்தினேன். "காயட்டும் தங்கச்சி. ஈரத்தில பாத்துச் சண்டை பிடிக்காதீங்க" என்றார். மறுநாள் அது வெளுத்து, மழை விட்ட வானம் மாதிரி ஆகியிருந்தது. இப்போதும் வகுப்பில் பிள்ளைகள்மீது கோபம் வரும்போது அந்த வார்த்தையை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி நாள் பலிக்கிறது.

பத்தாம் நாள் வேலை முடிந்தது. அதுவரை வானத்துக்குக் கீழே இருந்ததையெல்லாம் அண்ணன் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார். என் கணவர் தலையணையை நிமிர்த்தி என்னைப் பார்க்க வைத்தார். முன்னால் வெள்ளை மணல், தென்னைகள், கவிழ்த்து வைத்த ஒரு தோணி. நடுவில் வாவி. அதற்கப்பால் வெகு தூரத்தில், பச்சைக் கோடுபோல வயல் வட்டைகள். அந்தக் கோட்டின்மேல் செக்கச் செவேலென்று சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

வாவிக்குக் கிழக்கே இருப்பது எழுவான்கரை, மேற்கே இருப்பது எங்கள் படுவான்கரை. அண்ணன் எழுவான்கரைத் தாழங்குடாக்காரர். அவருக்குச் சூரியன் தண்ணீருக்கு அப்பால் மறையும். எங்களுக்குத் தண்ணீருக்கு அப்பாலிருந்து எழும். வாவியை வரை என்றதும் தான் பார்த்த வாவியை அவர் வரைந்துவிட்டார். அந்தப் படத்தில் என் ஊர் வெறும் கோடு. அதன்மேல் பொழுது படுகிறது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு மூன்றாவதை வயிற்றில் காத்துக்கொண்டு கிடந்தவளுக்கு அது கெட்ட சகுனமாகத்தான் தெரிந்தது.

"இது எங்கட ஊர் இல்ல. எங்கட ஊரில பொழுது இப்பிடிப் படாது. நான் இதைப் பாக்க மாட்டன்" என்று விம்மினேன். என் கணவர் தலைகுனிந்து நின்றார். அண்ணன் சாயக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு முதல்முறையாக என் பக்கம் திரும்பி, மகளை அழைப்பதுபோல, "அழாத மனே. பிழை என்னிலதான். நான் என்ர கரையில நிண்டு கீறிப்போட்டன்" என்றார். அன்றே ஈரச் சாக்கை எடுத்து, பத்து நாள் வேலையைத் தன் கையாலேயே தேய்த்துக் கழுவினார்.

மறுநாள் அவர் மண்முனைத் துறையைக் கடந்து ஊரில் எங்கள் அம்மா வீட்டுக்குப் போனார். மூன்று விடியலும் கரையில் குந்தியிருந்தாராம். நான் சிறுபிள்ளையில் எந்த இடத்தில் தண்ணீர் அள்ளுவேன் என்று அம்மாவிடம் கேட்டு, அந்த இடத்திலேயே இருந்தாராம். திரும்பி வந்தபோது காலில் எங்கள் ஊர்ச் சேறு காய்ந்திருந்தது. "ஐம்பது வருசமா எதிர்க்கரையில இருக்கிறன் தங்கச்சி. உங்கட கரையில இருந்து விடியிறதை ஒருநாளும் பாக்கல்ல. எங்கட தென்னையெல்லாம் கறுப்பாத் தெரியுது" என்று வியந்தார்.

இம்முறை சுவரில் முன்னால், தண்ணீரோரச் சதுப்பில் முளைக்கும் கண்ணாப் பற்றைகளும் எங்கள் சேற்றுக்கரையும் வந்தன. எதிர்க்கரைத் தென்னைகளுக்குப் பின்னால் வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. சூரியனைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"வரும். அது வாறதுக்கு முந்தியே நீங்க தண்ணிக்குப் போயிருவீங்களாம், அம்மா சொன்னா."

அன்று நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். என் கணவர் குசினிக்குள் போய் அழுததை அக்கா பின்னர் சொன்னார். ஐந்து மாதம் அந்த விடியலைப் பார்த்தபடி கிடந்து, அதே அறையில் என் மகளைப் பெற்றேன். பார்க்க வந்த அண்ணன் பிள்ளையைக் கையில் வாங்கப் பயந்து, சுவரின் கீழ்மூலை பொருக்கு விட்டிருக்கிறது என்று அதையே தடவிக்கொண்டு நின்றார்.

பிறகு நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். அடுத்துக் குடிவந்தவர்கள் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். நான் பொரிந்து தள்ளினேன். அண்ணனோ, "சுவர் எண்டா வெள்ளை அடிப்பாங்கதானே. பிள்ளை இருக்கு, அது காணும், வேறென்ன வேணும்?" என்றார்.

நேற்றுப் பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு தாழங்குடாவுக்குப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் அழுதார். பிறகு வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரைக்குக் கூட்டிப் போய், "இதிலதான் மனே ஒவ்வொரு பின்னேரமும் குந்தியிருப்பான். அவனைச் சாப்பிடக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை காஞ்சு போகும்" என்றார். வெள்ளை மணல். தென்னைகள். தண்ணீருக்கு அப்பால் கோடாக எங்கள் ஊர், அதன்மேல் இறங்கும் சூரியன். அந்தக் கரையில் பின்னேரத்தில் நான் நின்றது அதுவே முதல்முறை.

"அம்மா, எங்கட ஊர் எவ்வளவு வடிவாத் தெரியுது!" என்றாள் மகள். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் அன்று கவனப்பிழையாக எதையும் வரையவில்லை. வாழ்நாளெல்லாம் பார்த்து நெஞ்சில் வைத்திருந்ததை என் சுவருக்குத் தந்திருக்கிறார். நான் முகம் திருப்பிக்கொண்டேன். அவர் அதைப்பற்றி ஒரு சொல் சொல்லாமல் கழுவிவிட்டு, என் கரையைப் பார்க்கப் புறப்பட்டார். என் மகள் அவர் தந்த விடியலில் பிறந்தவள். அதற்கு ஆயுள் முழுதும் நன்றி சொல்வேன். ஆனால் இனி என் கண்ணுக்குள் இருக்கப்போவது அவர் கழுவிய அந்த முதல் படம்தான்.

அண்ணன், அது மிக வடிவான படம். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.